தட்டில் செத்த நோய்

எப்சியின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம். என் சின்னம்மா மகன் பாக்கியசீலன் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, நனைந்த சட்டையோடு உள்ளே வந்தான்.

“அக்கா, கிறிஸ்டிக்குப் பிள்ள பிறந்துட்டு. பொம்பளப் பிள்ள. எப்சிபான்னு பேரு வைக்கப் போறோம்.”

“அது என்னலே பேரு, தும்முன மாதிரி?”

“பைபிள்ல உள்ள பேருக்கா. ஒனக்குத் தெரியாட்டா அது பேரு இல்லன்னு ஆயிருமா?”

எங்கள் குடும்பத்தில் அதுவரைக்கும் அன்னபாக்கியம், ஞானசுந்தரி என்றுதான் வைப்பார்கள். ஞானஸ்நானம் கொடுக்க வந்த பாதிரி ஐயர்கூடப் பெயரை இன்னொரு தரம் கேட்டுக்கொண்டுதான் பிள்ளையின் தலையில் தண்ணீர் விட்டார். அந்த நீளப் பெயரை யாரும் முழுதாகக் கூப்பிடவில்லை. எப்சி என்று ஆகிவிட்டது.

முறையைச் சொல்லிவிடுகிறேன். பாக்கியசீலனின் அம்மாவும் என் அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அதனால் எப்சிக்கு நான் அத்தை. அவள் அம்மா கிறிஸ்டிக்கு நான் மைனி. எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்கு மேற்கே, வாழைத்தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கிறிஸ்தவக் கோயிலும் அதைச் சுற்றி அறுபது எழுபது வீடுகளுமாக இருக்கிறது. பாக்கியசீலன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை பார்த்தான். கிறிஸ்டி முக்கூடல்காரி. வாத்தியார் மகள். நல்ல குரல். கோயிலில் அவள் பாட்டை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றப் பெண்கள் வாயைத் திறப்பார்கள்.

கிறிஸ்டியிடம் ஒரு குணம் உண்டு. வாயிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டால் அதற்கு மறுசொல் கிடையாது. அவள் தம்பி ஹெப்ரானோடு எதற்கோ வாய்ச்சண்டை வந்து, “இனி ஒன் வீட்டுப் படி ஏற மாட்டேம்லே” என்று சொல்லிவிட்டாள். சண்டை அடுத்த மாசமே தீர்ந்துபோயிற்று. இருந்தாலும் அவள் முக்கூடலுக்குப் போனால் தம்பி வீட்டுக்கு வெளியே நாற்காலி போடச் சொல்லித் தெருவில் உட்கார்ந்துதான் காப்பி குடிப்பாள். ஒருதரம் மழை வந்துவிட்டது. குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து மீதிக் காப்பியையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தாள். ஹெப்ரான் மனைவி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். நாங்களும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

எப்சி ஒரே பிள்ளை. பாளையங்கோட்டையில் கல்லூரியில் தாவரவியல் படித்தாள். படித்து முடித்து, அங்கேயே சங்கரசுப்பிரமணியன் என்கிற பேராசிரியரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் “படிப்பு முடியட்டும்” என்றாள். கிறிஸ்டியும் மகள் பக்கம்தான் நின்றாள்.

அவள் ஆராய்ந்தது பேய்மிரட்டிச் செடியை. ஆற்றங்கரையிலும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழியிலும் கேட்பாரில்லாமல் நிற்கும் செடி அது. பல் முளைக்கிற பிள்ளைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் அதன் இலையைக் கொதிக்கவைத்துக் கொடுப்பார்கள். எப்சி முக்கூடல் பக்கத்திலிருந்து எங்கள் ஊர் வரைக்கும் கரையோரமாக அங்கங்கே இறங்கி நடந்து சாக்கில் பறித்துக்கொண்டு வருவாள். “வெள்ளாட்டுக்குட்டிக்கா?” என்று கேலி பண்ணுவார்கள். “ஆமா, எங்க சார் வளக்காவ” என்பாள்.

ஒருதரம் நான் கண் காட்டப் பாளையங்கோட்டைக்குப் போனபோது என்னை அவளுடைய ஆய்வகத்துக்குக் கூட்டிப் போனாள். ஒரு மூலையில் பழைய செய்தித்தாளில் இலைகள் நிழலில் காய்ந்துகொண்டிருந்தன. காய்ந்ததைப் பொடித்து, சாராய நெடி அடிக்கிற ஒரு திரவத்தில் ஊறப்போட்டு, வடிகட்டி, அந்தத் திரவம் ஆவியாகிப் போகிற மட்டும் சுற்றவிடுகிறார்கள். கடைசியில் கண்ணாடிக் குடுவையின் அடியில் கரும்பச்சையாக, தார் மாதிரி, கீல் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு சாக்கு இலைக்கு ஒரு கரண்டி கீல். அதில் துளியூண்டு எடுத்துக் கரைத்து, கத்தரிப்பூ நிறத்தில் இருந்த ஒரு தண்ணீரில் விட்டாள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பைய நிறம் வெளுத்து மஞ்சளாயிற்று.

“நம்ம ஒடம்புக்குள்ள துருப்பிடிக்க மாதிரி ஒண்ணு நடக்கும் அத்தை. அத இந்தச் செடி எந்த அளவுக்குத் தடுக்குன்னு பாக்கதுக்கு இது.”

“அப்ப எனக்கு முட்டு பூரா துருதான். ரெண்டு சொட்டு விடேன்.”

“குடிச்சீங்கன்னா நேரா மேலதான். இதுல எது என்ன செய்யும்னு இன்னும் தெரியாது அத்தை.”

அந்தப் பேச்சு எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. எது என்ன செய்யுமென்று இன்னும் தெரியாது என்று அவளே அன்றைக்குச் சொன்னாள்.

அடுத்த பரிசோதனை புற்றுநோய்க்கு. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த கெட்ட அணுக்களை வெளியே, தட்டில் வளர்த்து வைத்திருப்பார்களாம். அந்த வசதி அவள் கல்லூரியில் இல்லை. கேரளத்தில் ஒரு இடத்துக்குக் கீலை அனுப்பினால் அவர்கள் போட்டுப் பார்த்துச் சொல்லுவார்கள். அனுப்புவதற்கு அவள் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நாட்களில்தான் கிறிஸ்டிக்கு மார்பில் கட்டி இருப்பது தெரிந்தது.

தெரிந்தது என்றால், எங்களுக்குத் தெரிந்தது. அவள் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு எத்தனை மாசம் வைத்திருந்தாளோ. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுவை செய்து எடுத்தார்கள். பிறகு கீமோ என்று ஊசிமருந்து ஏற்றினார்கள். தலைமுடி கொத்தாக உதிர்ந்தது. வாயெல்லாம் புண். கஞ்சி இறங்கவில்லை. பாட்டெடுத்துக் கொடுக்கிற குரல் தேய்ந்து போயிற்று. பாதி ஊசி முடிந்து, பாதி இருந்தது.

“மைனி, இந்த ஊசி என்னைய ரெண்டா வகுந்து போடுது” என்பாள். “நோயே தேவல.”

அந்த மாதிரி ஒரு சாயங்காலம் எப்சியின் போனுக்குக் கேரளத்திலிருந்து முடிவு வந்தது. படமும் வந்தது. ஒரு தட்டில் வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள். குழியில் நோய் அணு உயிரோடு இருந்தால் மேலே விடுகிற மருந்து ஊதாவாக மாறும். செத்துப்போயிருந்தால் மஞ்சளாகவே கிடக்கும். எப்சியின் கீலை விட்ட குழிகள், அளவு கூடக்கூட, மஞ்சளாக இருந்தன.

நான் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தேன். கிறிஸ்டிக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். எப்சி கட்டிலில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைக் காட்டினாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

“யம்மா, இங்க பாரு. இது ஒன் சீக்குதான். மார்புல வாரதுதான், அதே வகை. செத்துட்டு பாரு.”

“எதுல செத்துச்சு?”

“நம்ம பேய்மிரட்டில.”

சுருண்டு படுத்திருந்த அம்மாவைக் கொஞ்சம் சிரிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான் அந்தப் பிள்ளை நினைத்தது. கிறிஸ்டி எழுந்து உட்கார்ந்தாள். போனை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, “எனக்கும் இத அனுப்பி வையிட்டி” என்றாள். அன்றைக்குக் கஞ்சி முழுவதையும் குடித்தாள்.

இதற்கு மேல் நடந்தது விளங்க வேண்டுமென்றால் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். ஊர் முழுக்க ஒரே பந்தியாக உட்கார்ந்து ஆட்டுக்கறியும் கத்தரிக்காய்ச் சாம்பாரும் சாப்பிடுகிற நாள். அதற்கு முந்திய ஆராதனையில், நன்மை பெற்றவர்கள் ஸ்தோத்திர காணிக்கையைக் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு எழுந்து நின்று சாட்சி சொல்லுவார்கள். காணிக்கை வைக்காதவர்களுக்குப் பேச வாய் இல்லை. வைத்துப் பேசிவிட்டால் அந்தப் பேச்சை ஊர் விடாது. சாட்சியிலிருந்து பின்வாங்கினால் கடவுளைப் பொய்யராக்கினதுபோல. ஜாஸ்பர் என்று ஒருவன், குடியை விட்டுவிட்டேன் என்று சாட்சி சொல்லிவிட்டான். பிறகு குடிக்கத் தோன்றும்போதெல்லாம் தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போய்க் குடித்துவிட்டு, தெளிந்த பிறகுதான் ஊருக்குள் வருவான். அவனை எதிரில் பார்த்தால் பிள்ளைகள்கூட மூக்கை உறிஞ்சிப் பார்க்கும்.

கொரோனாவுக்கு முந்திய வருஷத்து அசனம். வெயில் காலம். கிறிஸ்டி தலையில் முக்காடு போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சபையை நடத்துகிற உபதேசியார் தேவமணி, காணிக்கைக் கவர்களைப் பார்த்துப் பெயர் வாசித்துக்கொண்டே வந்தார். “திருமதி கிறிஸ்டி பாக்கியசீலன்” என்றார். எங்களுக்குத் தெரியாது. பாக்கியசீலனுக்கே தெரியாது. அவன் திரும்பி அவளைப் பார்த்த பார்வையில் அது தெரிந்தது.

அவள் எழுந்து முக்காட்டை எடுத்துவிட்டாள். முடியில்லாத தலையோடு சபை நடுவில் நின்றாள்.

“எனக்கு இந்தச் சீக்கு வந்தப்போ ஏன் ஆண்டவரேன்னு கேட்டேன். இப்பம் வெளங்கிட்டு. நம்ம ஆத்தங்கரையில, நம்ம கால்ல மிதிபட்ட செடியில மருந்த வச்சு, அத என் மக கையில காமிச்சிருக்காரு. என் சீக்கு செத்துட்டு. போட்டாவே வச்சிருக்கேன். நான் சொகமாயிட்டேன். இனிமே எனக்கு ஊசி வேண்டாம்.”

கோயில் முழுக்க ஒரே ஸ்தோத்திரம். கிழவிகள் அழுதார்கள். எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த எப்சியின் கழுத்து விறைத்துப் போய் நின்றது. பந்தியில் எல்லோரும் கிறிஸ்டியின் போனைக் கைமாற்றிக் கைமாற்றி அந்த மஞ்சள் குழிகளைப் பார்த்தார்கள். “டாக்டர் பிள்ளையப் பெத்த மவராசி” என்று கிறிஸ்டியைச் சொல்லிக்கொண்டே எப்சியின் இலையில் கறியை அள்ளி வைத்தார்கள். அவள் ஒரு வாய்கூட உண்ணவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தின பிறகு ஆரம்பித்தாள்.

“யம்மா, அது தட்டும்மா. தட்டுல உப்பு கரைச்சி விட்டாலும் அது சாகும். சாராயத்த விட்டாலும் சாகும். ஒடம்புல சாகணும்னா அதுக்கு எவ்வளவோ இருக்கு. நல்ல அணுவ இது என்ன செய்யுதுன்னே நாங்க இன்னும் பாக்கல.”

“நீதான சொன்ன, செத்துட்டுன்னு.”

“தட்டுல செத்துச்சின்னு சொன்னேன்!”

“தட்டுன்னு நீ சொல்லல. ஒன் சீக்குன்னுதான் சொன்ன.”

பாக்கியசீலன், “அடுத்த ஊசிக்குத் தேதி குடுத்திருக்காவ, கிறிஸ்டி” என்று மெல்லச் சொன்னான்.

“நீங்க போய்ப் போட்டுக்கிடுங்க. நான் ஆண்டவர் சந்நிதியில வாய் தொறந்து சொல்லிட்டேன்.”

தம்பி வீட்டுத் தெருவில் குடை பிடித்து உட்கார்ந்திருந்தவள் இவள்தான். ஆனால் இதைச் சொல்லிச் சிரிக்க யாருக்கும் முடியவில்லை.

தேதி போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டாள். ஊசி நின்றதும் வாய்ப்புண் ஆறிற்று. கொஞ்சம் சாப்பிட்டாள். தலையில் பூனைமயிர் முளைத்தது. குரலும் திரும்பிற்று. கோயிலில் அவள் பாட்டை எடுத்துக் கொடுத்ததும், “பாத்தீளா!” என்று ஊர் வாயைப் பிளந்தது. ஊசி நின்றால் யாருக்கும் அப்படித்தான் தெம்பு வரும், அது இலையின் வேலையல்ல என்று எப்சி சொல்லச் சொல்ல, கிறிஸ்டி காலையும் மாலையும் பேய்மிரட்டியைக் காய்ச்சிக் குடித்தாள். பறித்துக்கொண்டு வந்து கொடுக்க ஆள் இருந்தது. ஆற்றங்கரையில் அந்தச் செடி அரிதாகிப் போயிற்று.

எப்சி தன் பேராசிரியரிடம் போய் அழுதிருக்கிறாள். சங்கரசுப்பிரமணியன் அவளைக் கடிந்துகொண்டாராம். “தட்டுல சாகுறதுக்கும் மனுஷனுக்குக் குடுக்குறதுக்கும் நடுவுல இருபது வருஷ வேலை இருக்கும்மா. முக்காவாசி நடுவுலயே செத்துப் போகும். இத வீட்டுல போய் எப்படிச் சொன்னே?” பிறகு அவரே காரை எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தார். கிறிஸ்டி அவருக்குக் காப்பியும் முறுக்கும் கொடுத்து உபசரித்தாள். ஒரு மணி நேரம் பேசினார். எல்லாவற்றையும் பணிவாகக் கேட்டுக்கொண்டாள்.

“நீங்க சொல்லுதது சரிதான் சார். நீங்க சாமி கும்பிடுதவிய, ஒங்களுக்குத் தெரியாததில்ல. நேந்துக்கிட்டு முடி எறக்காம இருப்பியளா?”

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

ஊருக்குத் தெரியாமல் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற யோசனை பாக்கியசீலனுடையது. ஜாஸ்பர் காட்டின வழிதானே. சபைக்காரர் யாரும் இல்லாத ஊர், மதுரை. அங்கே பார்ப்போம், ஊசி போட்டுக்கொண்டு வருவோம், கேட்டால் ஹெப்ரான் வீட்டுக்குப் போனதாகச் சொல்லுவோம். எப்சி இரண்டு வாரம் அம்மாவின் காலைப் பிடித்தாள். “போட்டுக்கிடாண்டாம்மா, சும்மா படம் எடுத்து மட்டும் பாப்போம். நீ சொன்னதுதான் உண்மைன்னா படத்துலயும் அதுதான தெரியும்?” அந்தச் சொல்லுக்குத்தான் கிறிஸ்டி இளகினாள். அப்போது அவளுக்கு முதுகில் ஒரு வலி தொடங்கியிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரி புரண்டு படுக்க முடியாமல் பல்லைக் கடிப்பதை எப்சிதான் கண்டுபிடித்தாள்.

துணைக்கு நானும் போனேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பஸ்ஸைப் பிடித்தோம். கிறிஸ்டி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் புறப்படுகிற நேரத்தில் ஒரு பெரிய துணிக்கடைப் பையோடு பிரிஸில்லா ஏறினாள். எங்கள் சபைதான். பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பொருளாளர். மகளை மதுரையில் கட்டிக்கொடுத்திருந்தாள்.

“ஏளா கிறிஸ்டி! நீ எங்க மதுரைக்கு? மைனியும் வந்திருக்கிய! ஏதாவது விசேஷமா?”

நான், “ஒரு கல்யாணத்துக்கு” என்றேன். எப்சி, “என் வேலையா” என்றாள். ரெண்டும் ஒரே நேரத்தில் வந்துவிட்டது.

பிரிஸில்லா எங்கள் முகத்தைப் பார்த்தாள். எப்சி மடியில் இருந்த ஆஸ்பத்திரிப் படங்களின் பெரிய உறையைப் பார்த்தாள். கெட்டவள் இல்லை. நிஜமாகவே கலங்கிப் போய்த்தான் கேட்டாள்.

“என்னளா, திரும்ப வந்துட்டா? அப்ப அன்னைக்கு நீ சொன்னது?”

கிறிஸ்டி எழுந்தாள். “வரலயே. எனக்கு என்ன வந்துச்சி? இவள வழியனுப்ப வந்தேன்” என்றாள். மகளின் தோளைத் தாண்டி, என் காலை மிதித்துக்கொண்டு, ஓட ஆரம்பித்த பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். பின்னால் நாங்கள் இறங்குவதற்குள் பஸ் மேம்பாலம் வரைக்கும் வந்துவிட்டது. திரும்பி ஓடினோம். கிறிஸ்டி ஒரு பழக்கடை ஓரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தாள். வலியில் முகம் சாம்பலாக இருந்தது.

“வீட்டுக்குப் போவோம்” என்றாள்.

அதற்கு அடுத்த வாரம்தான் ஆசியா உம்மாள் என்று ஒரு பெண் வந்தது. ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து விசாரித்துக்கொண்டு வந்திருந்தாள். புருஷனுக்குத் தொண்டையில் புற்று. கிறிஸ்டி அவளை உட்கார வைத்து, ஆறுதல் சொல்லி, போன் படத்தைக் காட்டி, காய்ந்த இலையை ஒரு கட்டாகக் கட்டிக் கொடுத்தாள். எப்சி தெரு முனையில் ஓடிப்போய் அவளை மறித்தாள்.

“மாமி, இந்த எலையக் குடிக்கக் குடுக்காதிய. ஆஸ்பத்திரி மருந்த மட்டும் நிறுத்திராதிய, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“ஏம்மா, ஒன் உம்மா நிறுத்திட்டாவளே? பாட்டுப் பாடுதாவன்னு சொன்னாவளே?”

எப்சி என்னிடம் வந்து இதைச் சொல்லும்போது அழவில்லை. “அத்தை, ஸ்தோத்திர கவர் ஒண்ணு வேணும்” என்று மட்டும் கேட்டாள். என் வீட்டில் கிடந்தது. கொடுத்தேன்.

அறுப்புப் பண்டிகை ஞாயிறு. அன்றைக்கும் காணிக்கை வைத்துச் சாட்சி சொல்லலாம். கோயில் நிறைந்து இருந்தது. வாழைத்தாரும் பூசணியும் பீடத்துக்கு முன்னால் குவித்து வைத்திருந்தார்கள். உபதேசியார் தேவமணி, எப்சியின் பெயரை வாசித்துவிட்டு, “பட்டம் வாங்கிட்டியாம்மா? எதுக்காக ஸ்தோத்திரம்?” என்று சிரித்தார்.

“எங்க அம்மா இன்னும் உயிரோட இருக்கதுக்கு” என்றாள் எப்சி.

சபை ஸ்தோத்திரம் சொல்லிற்று. அவள் அது அடங்கும் வரைக்கும் நின்றாள்.

“எங்க அம்மா அசனத்தன்னைக்குச் சொன்ன சாட்சி நடக்கல. அவ சொகமாகல. செத்தது ஒரு தட்டுல இருந்த அணு. அது எங்க அம்மாவோடது இல்ல. வேற எங்கேயோ, எப்பவோ செத்துப்போன ஒரு அம்மாவோடது. அந்த எலை மருந்துன்னு இன்னும் யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான்தான் அவட்டச் சரியாச் சொல்லல. எங்க அம்மாவுக்கு முதுகுல வலி. ராத்திரி தூங்க மாட்டேங்கா. நீங்கள்லாம் பாத்துக்கிட்டு இருக்கியன்னுதான் அவ ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்கா. அவள விட்டுருங்க.”

ஆண்கள் பக்கத்திலிருந்து, “பெத்த தாயப் பொய்க்காரிங்கா பாரு” என்று ஒரு குரல் வந்தது. இன்னொருவர், “படிக்க வச்ச லச்சணம்” என்றார். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்ன பாட்டு என்று சொல்ல மறந்துபோய் நின்றார். கிறிஸ்டி எழுந்து, யாரையும் பார்க்காமல், நேராக வாசல் வழியாக வெளியே நடந்தாள்.

வீட்டில் பாக்கியசீலனிடம் சொன்னாளாம், “அவட்டச் சொல்லிருங்க. இனி எனக்கும் அவளுக்கும் பேச்சுக் கிடையாது.” கொஞ்ச நேரம் கழித்து, “ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போவோம்னும் சொல்லுங்க. இனிமே எனக்குக் கோயில்ல என்ன இருக்கு” என்றாள்.

எப்சி எதை வேண்டி எழுந்து நின்றாளோ அது நடந்தது. சாட்சியை மகள் உடைத்துவிட்டபடியால் தாய்க்குக் கட்டு இல்லாமல் போயிற்று. அதே திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். படம் எடுத்தார்கள். முதுகெலும்பிலும் ஈரலிலும் பரவியிருந்தது. “ஏன் நடுவுல விட்டீங்க?” என்று டாக்டர் கேட்டார். முழு ஊசியும் அப்போதே போட்டிருந்தால் நின்றிருக்குமா என்று எப்சி கேட்டாள். சொல்ல முடியாது, ஆனால் வாய்ப்பு நன்றாகத்தான் இருந்தது என்றார். கசாயம் ஈரலைக் கெடுத்ததா என்று கேட்டாள். அதையும் சொல்ல முடியாது என்றார்.

திரும்ப ஊசி போட்டார்கள். உடம்பு தாங்கவில்லை. வயிறு வீங்கிற்று. கடைசி ரெண்டு மாசம் வீட்டில்தான். எப்சி கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு அம்மாவைக் குளிப்பாட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள், மருந்து கொடுத்தாள். கிறிஸ்டிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், மகள் பக்கத்திலேயே நின்றாலும், “ஏங்க, தண்ணி” என்று அடுத்த அறையில் இருக்கிற புருஷனைத்தான் கூப்பிடுவாள். எப்சி கொண்டுவந்து கொடுப்பாள். வாங்கிக் குடிப்பாள். பேச்சு இல்லை.

நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன். “ஏளா, போற நேரத்துல என்ன வீம்பு? அந்தப் பிள்ள மொகத்தப் பாத்து ஒரு வார்த்த சொன்னா என்ன?”

எப்சி அப்போது கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“அவ செஞ்சது சரிதான் மைனி” என்றாள் கிறிஸ்டி. “நான் அவ எடத்துல இருந்தாலும் அதத்தான் செய்வேன்.”

“அத அவட்டச் சொல்லு.”

“பேச மாட்டேன்னு சொல்லிட்டேன்லா.”

ஊரடங்கு போடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் இறந்தாள். அடக்கத்துக்குச் சபை முழுக்க வந்தது. அதில் குறை சொல்ல முடியாது. பிரிஸில்லாதான் உடம்பைக் குளிப்பாட்டிச் சேலை கட்டிவிட்டாள். பாட்டை எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல், தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கினார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வருகிற வழியில் கிறிஸ்டி என்னிடம் சொன்னதை எப்சியிடம் சொன்னேன். “அப்படியா அத்தை” என்றாள். நான் ஆறுதலுக்குக் கட்டிச் சொல்லுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ. அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

கல்லூரி திறந்த பிறகு ஆராய்ச்சியை முடித்தாள். நல்ல அணுக்களில் போட்டுப் பார்த்ததில், கெட்டதைக் கொல்லுகிற அளவிலேயே நல்லதும் செத்திருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதித்தான் பட்டம் வாங்கினாள். வாங்கின விஷயத்தை நாங்கள் ஹெப்ரான் சொல்லித்தான் கேள்விப்பட்டோம். ஆசியா உம்மாள் ஒருநாள் மீன் கொண்டுவந்து பாக்கியசீலனிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அவள் புருஷன் குரல் போய்விட்டாலும் உயிரோடு இருக்கிறாராம்.

எப்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவோடு எங்கள் ஊரில்தான் இருக்கிறாள். காலை பஸ்ஸில் திருநெல்வேலிக்குப் போய், ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வருகிறாள்.